சமயமும் சர்வகலாசாலையும்

சில மாதங்களுக்கு முன் ஒருநாள் மாலை, விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த வேளையில், அயற்கிராமத்தவரான ஒரு தந்தையார் எம்மைத் தேடி வந்தார். அவருடைய மகள் எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயின்றவள். தென்னிலங்கைப் பல்கலைக்கழகமொன்றில் அவளுக்கு இடங் கிடைத்திருந்தது. மகிழ்ச்சியைச் சொல்ல வந்திருக்கிறார் என எண்ணிக் கதிரையை இழுத்துப் போட்டோம். அவரோ அதன் நுனியில் அமர்ந்து சால்வைத் தலைப்பைத் திருகியபடி, "மாஸ்டர், பிள்ளை பிறந்த நாள்தொட்டு மச்சம் அறியாது. அங்கே விடுதியிலே எல்லாவற்றையும் ஒரே அகப்பையாலேதானே அள்ளுவினம்? கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடிக்கிறவள். அந்த நாளிலே சோதினை வந்தால் என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

நாம் அவருக்கு ஆறுதல் கூறினோம். இந்நாட்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சமய சுதந்திரத்தை உறுதி செய்கிறது என்றும், 14ஆம் உறுப்புரை வழிபாட்டாலும் அநுட்டானத்தாலும் சமயத்தை வெளிப்படுத்தும் உரிமையைத் தருகிறது என்றும் எடுத்துரைத்தோம். பேராதனைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள் என்றோம். அங்கே பௌத்தருக்கு வழிபாட்டிடம் உண்டு. நம்மவர்க்குக் குறிஞ்சிக்குமரன் கோயில் உண்டு. கிறிஸ்தவருக்குத் தேவாலயமும் இஸ்லாமியருக்குப் பள்ளிவாசலும் உண்டு. "கேளுங்கள், தருவார்கள், தராவிட்டால் வற்புறுத்திக் கேளுங்கள்" என்று சொல்லி அவரை வழியனுப்பிவைத்தோம்.

அவர் படலையைச் சாத்திக்கொண்டு போனபின், நாம் சொன்ன விடை சற்று இலகுவாய்ப் போய்விட்டதோ என்றொரு ஐயம் எழுந்தது. சமயத்தின் பெயராற் கேட்பதையெல்லாம் ஒரு பல்கலைக்கழகம் கொடுத்துவிட வேண்டுமா? கொடுக்கலாகாதது என ஒன்று இருக்குமானால், அதனை எவ்வாறு இனங்காண்பது?

இவ்வினாவை எண்ணுந்தோறும் எம் நினைவுக்கு வருவது, கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள யோர்க் பல்கலைக்கழகத்தில் 2013ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு வழக்காறு. நீதிமன்றம் ஏறிய வழக்கன்று அது. ஒரு மாணவனுக்கும் ஒரு பேராசிரியருக்கும் இடையே தொடங்கிய கடிதப் போக்குவரத்து, பின்னர் நாடளாவிய விவாதமாயிற்று. நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறி வாழும் நகரம் அது. நம் உறவினரின் பிள்ளைகள் பலர் படித்த, படிக்கின்ற இடம். ஆதலின் அதனைச் சற்று விரிவாகச் சொல்வது தகும்.

சமூகவியற் பேராசிரியர் போல் கிரேசன் என்பவர் இணையவழியாக ஒரு பாடத்தை நடத்தி வந்தார். மாணவர் வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆயினும் ஒரு பயிற்சியின்பொருட்டுச் சக மாணவரோடு குழுவாக நேரிற் சந்தித்தல் வேண்டும். மாணவன் ஒருவன் அவருக்கு எழுதினான்: தனது சமய நம்பிக்கையின் காரணமாகப் பெண்கள் உள்ள குழுவொன்றைப் பொதுவிடத்திற் சந்திக்கத் தன்னால் இயலாது, ஆதலின் விலக்கு அளிக்க வேண்டும். கடிதம் பணிவானது, மிரட்டல் யாதுமில்லை. அவன் எச்சமயத்தவன் என்பது வெளியிடப்படவில்லை. அதனை வெளியிடாமை நன்றென்றே நாம் கருதுகிறோம். தெரிந்திருந்தால், ஊரார் பிரச்சினையை விட்டுவிட்டு அந்தச் சமயத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

பேராசிரியர் உடனே மறுத்துவிடவில்லை. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். யூத சமய அறிஞரிடமும் இஸ்லாமிய அறிஞரிடமும் உசாவினார். கல்வி நிமித்தம் பெண்களோடு ஒரு குழுவில் அமர்வதற்கு அவ்வாறான தடை இல்லை என்றே இரு திறத்தாரும் கூறினர். அவர் விலக்கை மறுத்தார். பீடாதிபதியோ, விலக்குக் கொடுக்குமாறு பணித்தார். நெடுந்தொலைவில் வாழ்ந்த வேறொரு மாணவருக்கு அதே பயிற்சியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருந்ததாம். தூரத்தின்பொருட்டுக் கொடுத்ததைச் சமயத்தின்பொருட்டு மறுப்பது எவ்வாறு என்பது நிருவாகத்தின் வாதம். ஒன்ராறியோ மாகாணத்தின் மனித உரிமைச் சட்டமும், ஒருவருடைய சமய நம்பிக்கைக்கு, நிறுவனத்துக்குப் பெருந்தொல்லை விளையாத எல்லைவரையில், இடங்கொடுக்கவே சொல்கிறது.

வாதத்தைக் கேட்டவுடன் நியாயமாகவே தோன்றுகிறது. தொலைவில் உள்ளவனுக்கு விலக்குண்டு, நம்பிக்கையுள்ளவனுக்கு இல்லையா? எனினும் இரண்டும் ஒன்றல்ல. தொலைவிலிருந்தவருக்கு விலக்கு அளித்தபோது, அக்குழுவிலிருந்த எந்தப் பெண்ணும் "நீ பெண் என்பதால் உன்னோடு அமர மாட்டேன்" என்னும் சொல்லைக் கேட்கவில்லை. இரண்டாவது விலக்கில் அச்சொல் உள்ளே மறைந்து கிடக்கிறது; பல்கலைக்கழகம் அதற்குத் தன் முத்திரையையும் இட்டுக் கொடுக்கிறது. கிரேசன் அவர்கள் கண்டு அஞ்சியதும் இதனையே. அவர் பணிப்பை ஏற்கவில்லை. 2014 ஜனவரியிற் செய்தி வெளிவந்தபோது, நாட்டின் நீதி அமைச்சர் வரையிற் பலரும் அவர் பக்கமே பேசினர்.

இக்கதையில் எம் நெஞ்சைத் தொட்ட பாத்திரம் பேராசிரியருமல்லர், பீடாதிபதியுமல்லர், அந்த மாணவன்தான். தன் கோரிக்கை மறுக்கப்பட்டதும் அவன் அதனை ஏற்றுக்கொண்டான். குழுவினரைச் சந்தித்துப் பயிற்சியை முடித்தான். தன் வேண்டுகோளைப் பொறுமையோடு ஆராய்ந்தமைக்காகப் பேராசிரியருக்கு நன்றியும் எழுதினான். பெரியவர்கள் மாதக்கணக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருக்க, பிள்ளை தன் பாட்டில் படித்துக்கொண்டிருந்தான்.

இங்கே இன்னொன்றைச் சொல்லல் வேண்டும். பேராசிரியர் சமய அறிஞரை உசாவியது நற்செயலெனினும், அது சரியான வினாவன்று என்பது எமது துணிபு. ஒருவன் ஒரு நம்பிக்கையை உண்மையாகக் கொண்டிருக்கும்போது, "உன் சாத்திரத்தில் அவ்வாறில்லை" என்று அவனுக்குச் சொல்ல மற்றவர் யார்? கனடாவின் உயர் நீதிமன்றமே 2004இல் இவ்வாறு தீர்ப்பளித்திருக்கிறது. மொன்றியல் நகரின் மாடிக் குடியிருப்பொன்றில் வாழ்ந்த யூதர் சிலர், தங்கள் திருவிழாவின் ஒன்பது நாள்களுக்கு மாடத்திற் சிறு குடில் அமைத்தனர். குடியிருப்பின் விதிகள் அதற்கு இடந்தரவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனிக் குடில் அமைத்தல் கட்டாயமா என்பதில் யூத குருமாரிடையேயே ஒருமைப்பாடு இருக்கவில்லை. நீதியரசர் ஒன்பதின்மரில் ஐவர், குருமாரின் கருத்தன்று, நம்பிக்கை கொண்டவனின் உள்ளத்து உண்மையே அளவுகோல் எனக் கூறி, குடிலுக்கு இடங்கொடுத்தனர். வேலிச் சண்டையில் ஊறிய நம்மவர்க்கு இவ்வழக்குச் சுவையாகவே இருக்கும்.

எனவே, "இது மெய்யாகச் சமயந்தானா?" என்று கேட்டுத் தப்பித்துக்கொள்ள வழியில்லை. சமயந்தான் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சலுகைக்கு விலை கொடுப்பவர் யார்? மாடத்துக் குடிலுக்கு விலை, ஒன்பது நாள்களுக்குச் சற்றே மறைந்த ஒரு காட்சி. யோர்க்கில் விலை கொடுத்திருக்க வேண்டியவள், அக்குழுவில் வந்து அமரவிருந்த ஒரு பெண்பிள்ளை.

கனடாவின் பேச்சு நமக்கேன் என்று வாசகர் சிலர் கேட்கலாம். நம் வரலாற்றிலும் இக்கதை உண்டு. அதில் நாமே அந்த மாணவனின் இடத்தில் நின்றோம்.

வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் உயர்கல்விச் சாலையைத் தொடங்கினர். ஈழத்து ஆங்கில உயர்கல்வியின் வித்து அது. அங்கு நம் பிள்ளைகளை விடுதியிற் சேர்ப்பதற்கு அவர்கள் பட்ட பாட்டினை எமர்சன் டெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி தமது நூலொன்றில் எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர் வளவிற் சமைத்த சோற்றை உண்ணப் பிள்ளைகள் மறுத்தனர். ஆதலின் அயலிலுள்ள இந்துக் காணியிற் சமையற்கூடம் அமைக்கப்பட்டது. மழையிலும் வெயிலிலும் நடந்து போய் உண்டு வருவதில் அலுப்புத் தட்டியபின் சமையல் உள்ளே வந்தது. அடுத்து, மிஷன் கிணற்று நீரைப் பருகுவது எவ்வாறு என்னும் பிரச்சினை. பிள்ளைகள் ஒன்றுகூடி யோசித்து, கிணற்றை இறைத்துவிட்டால் தீட்டு நீங்கும் என்று தாமே ஒரு பரிகாரங் கண்டு, இறைத்துவிட்டுக் குடித்தார்களாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் சாதுரியம் அன்றும் குறைவாக இருக்கவில்லை.

இக்கதையைப் படிக்குந்தோறும் எமக்குச் சிரிப்பு வருகிறது. உடனே நின்றும் விடுகிறது. ஏனெனில் அந்தச் சமையற்கூடத்தில் இருந்தது சமயம் மட்டுமன்று. சாதியும் கூடவே இருந்தது. நூறு ஆண்டுகள் கழித்து அது தன் முகத்தை முழுதாகக் காட்டியது. அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும் என்று 1930ஆம் ஆண்டையொட்டிக் கல்விப் பகுதியார் வற்புறுத்தியபோது, யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பு நம் பெரியோர் நன்கறிந்தது. அதுவரை சில பிள்ளைகள் வாங்கில் ஏறாமல் நிலத்தில் இருந்தனர். சிலர் வகுப்பறைக்கு வெளியே நின்று கேட்டனர். அவர்களை வாங்கில் ஏற்றுவது எங்கள் ஆசாரத்துக்கு மாறு என்று சொன்னவர்கள் கல்வியறிவில்லாதவரல்லர். பாடசாலைகள் சில தீக்கிரையும் ஆயின. திருநீறு பூசிக்கொண்டு, சமயத்தின் பெயராலேயே அக்கோரிக்கை முன்வைக்கப்பட்டது. "அவனோடு ஒரு வாங்கில் இருக்க மாட்டோம், எங்கள் நம்பிக்கைக்கு இடங்கொடுங்கள்" என்பதற்கும் யோர்க் மாணவனின் பணிவான கடிதத்துக்கும் இடையே தூரம் எவ்வளவு? அந்த மாணவன் ஒருவருடைய வீட்டுக்கும் தீ வைக்கவில்லை; மறுத்ததும் நன்றி கூறினான். அந்த அளவில் அவன் நம் முன்னோரினும் மேலானவன்.

இந்துக் கல்லூரியொன்றில் கற்பிக்கும் நாம் இதனை எழுதுவது சிலருக்குக் கசக்கலாம். எழுதாதொழிவது எமக்குக் கசக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. சமத்துவத்தின் பெயராலே சமயத்தை மிதிப்பதும் நம் கண்முன் நடக்கிறது. எம் பழைய மாணவன் ஒருவன், ஒரு பல்கலைக்கழகத்திற் புகுந்த முதல் வாரத்தில், மூத்த மாணவர் சிலரால் உணவுச்சாலையில் இருத்தப்பட்டு, மாட்டிறைச்சி உண்ணுமாறு வற்புறுத்தப்பட்டான். "இங்கே எல்லோரும் சமம், உனக்கு மட்டும் தனிச்சாப்பாடோ?" என்பது அவர்கள் சொன்ன நியாயம். அவன் உண்டான், அறைக்குப் போய் வாந்தி எடுத்தான். பல ஆண்டுகள் கழித்தே எம்மிடம் அதனைச் சொன்னான். இறைச்சியைப் பற்றி அவன் அதிகம் பேசவில்லை. அயல்மேசையில் இருந்த நம்மூர்ப் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்ததையே திரும்பத் திரும்பச் சொன்னான். பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998இலேயே, 20ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. அந்தப் பிள்ளைக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் முதல் வாரத்தில் முறையிடும் துணிவு எந்தப் பிள்ளைக்கு வரும்?

அவன் மரக்கறி உண்டால் யாருக்கு என்ன நட்டம்? சமையற்காரருக்கு இன்னொரு சட்டி கழுவும் வேலை, அவ்வளவே. கந்தசஷ்டி நோற்பவளுக்குப் பகலில் உணவு வேண்டியதில்லை. மாலையிற் பாலும் பழமும் வைத்துக்கொடுத்தாற் போதும். சிவராத்திரி பொது விடுமுறை நாள், மறுநாள் அவ்வாறன்று. நான்கு சாமமும் விழித்திருந்த பிள்ளை விடிந்ததும் செய்முறைப் பரீட்சைக்குப் போய் நின்றால் அளவுக்குழாயைக் கைதவறிப் போட்டு உடைப்பாள். பரீட்சை நாளைக் குறிப்பவர் பஞ்சாங்கத்தை ஒருமுறை புரட்டினால் தீருகின்ற சங்கடம் இது. வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்குப் போகவேண்டிய மாணவருக்கு விரிவுரையை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தலும் அத்தகையதே. இவற்றையெல்லாம் கேட்டுத்தான் பெறவேண்டும் என்பதே நாணத்தக்கது. ஆனால், வேற்றுப்பால் நோயாளியைத் தொட்டுச் சோதிக்க என் சமயம் இடந்தராது என்று ஒரு வைத்திய மாணவன் சொல்வானாயின், நாம் அவனுக்கு மரியாதையாக வேறு துறையைக் காட்டுவோம். படுக்கையிற் கிடக்கும் நோயாளி அவனுடைய விரதத்துக்கு விலை கொடுக்கலாகாது.

நாட்காட்டியைப் பற்றிச் சொல்லும்போது, இளைய தலைமுறை அறியாத செய்தியொன்றைக் குறிப்பிடலாம். இப்பத்தியை வாசகர் ஞாயிற்றுக்கிழமை ஓய்வாகச் சாய்ந்திருந்து படிக்கிறார்கள். 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிறு வார விடுமுறையாக இருக்கவில்லை. சந்திரனின் கலைகளைத் தொடர்ந்து வந்த போயா நாள்களே வார விடுமுறைகளாயின. கிழமை ஒருபோது நீண்டது, ஒருபோது குறுகியது. எம் கல்லூரியில் முன்னர் பணியாற்றிய கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவர், அந்நாளில் ஞாயிறன்று விடியற்காலை ஆராதனைக்கு ஓடிப்போய், அங்கிருந்து நேரே பாடசாலை மணிக்கு ஓடிவந்த கதையை முதுமையிலும் சொல்லிச் சிரிப்பார். பௌத்தர் தம் புண்ணிய நாளுக்கு ஓய்வு கேட்டதில் தவறில்லை. அதனைக் கொடுத்த முறையில்தான் மற்றவனுடைய ஞாயிறு பறிபோயிற்று. பின்னர் ஞாயிறு திரும்பியது. பூரணைப் போயாவும் விடுமுறையாகவே நின்றது. இரண்டுக்கும் இடமிருந்திருக்கிறது!

நாம் பெரும்பான்மையாக இருக்கும் இடத்தில் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதையும் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் 1974இல் வளாகமாகத் தொடங்கிய பல்கலைக்கழகம், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த நிலத்தில் நிற்கிறது. ஆதலின் வளவினுள்ளேயே சிவன் கோயில் இருக்கிறது. நம் பிள்ளைகள் விரிவுரைக்குப் போகும் வழியிற் கும்பிட்டுக்கொண்டு போகிறார்கள். யாரிடமும் அநுமதி கேட்கவேண்டியதில்லை. அதே வளவுக்குத் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பௌத்தப் பிள்ளைகளும் இஸ்லாமியப் பிள்ளைகளும் வருகிறார்கள். 2016 ஜூலையில், விஞ்ஞான பீடத்துப் புதுமுக மாணவர் வரவேற்பிற் கண்டிய நடனத்தைச் சேர்ப்பது பற்றி எழுந்த பேச்சு, கைகலப்பில் முடிந்தது. குற்றம் எத்தரப்பில் எவ்வளவு என்று அளக்க நாம் வரவில்லை. தென்னிலங்கை விடுதியில் நம் பிள்ளைக்குத் தனி அகப்பை கேட்கும் நாம், நம் வளவில் மற்றவன் மேளத்துக்கு எத்தனை நிமிடம் கொடுப்போம் என்பதை மாத்திரம் வீட்டில் பிள்ளைகளோடு பேசிப்பாருங்கள்.

இனி, நாம் தொடங்கிய தந்தையாரிடம் வருவோம். பிள்ளை விடுதிக்குப் போனாள். மரக்கறிச் சாப்பாட்டுக்குத் தனிச் சட்டியும் தனி அகப்பையும் வைத்திருந்தார்களாம். கேட்கவேண்டிய அவசியமே நேரவில்லை. அறிந்து மகிழ்ந்தோம். நோன்பு மாதம் பிறந்து ஒரு வாரம் சென்றிருக்கும், அவர் மறுபடியும் எம் படலையைத் திறந்துகொண்டு வந்தார். இம்முறை கதிரையில் நன்றாகவே சாய்ந்து அமர்ந்தார்.

"மாஸ்டர், பிள்ளையின் அறையிலே கிழக்குமாகாணத்து முஸ்லிம் பிள்ளை ஒன்று. நல்ல பிள்ளைதான், குறை சொல்ல ஏலாது. ஆனால் இப்ப நோன்பாம். விடியப்புறம் நாலு மணிக்கே மணிக்கூடு அடிக்குதாம். எழும்பி லைட்டைப் போட்டுச் சாப்பிடுதாம். எங்கட பிள்ளைக்கு நித்திரை இல்லை. அறையை மாத்தித் தரச்சொல்லி ஒரு கடிதம் எழுதித் தாறியளோ?" என்றார்.

நாம் சிறிது நேரம் பேசாதிருந்தோம். பின்னர், "அண்ணை, உங்கள் ஊர்க் கோயிலிலே மார்கழித் திருவெம்பாவைக்கு எத்தனை மணிக்குச் சங்கூதுகிறார்கள்?" என்று கேட்டோம்.

"அது மூண்டரை, நாலுக்கு…" என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்தி எம்மைப் பார்த்தார். தேநீர் வந்தது. குடித்து முடித்து, சால்வையை உதறித் தோளில் இட்டுக்கொண்டு எழுந்தார். கடிதத்தைப் பற்றி அதன்பின் அவரும் கேட்கவில்லை, நாமும் எழுதவில்லை.